பச்சையை எடுங்கன்னு சொன்னேன்

1

எனக்கு எழுபத்தி மூணு வயசுங்க. வளர்த்தது அஞ்சு பேரை. அதுல பெத்தது மூணு, எங்க அக்கா விட்டுட்டுப் போனது ரெண்டு. அக்கா புள்ளைங்க என்னைச் சின்னம்மான்னுதான் கூப்பிடும். சோத்துத் தட்டுல மட்டும் நான் வித்தியாசம் பாத்ததில்ல.

ஊரு தலைச்சோலை. ஏற்காட்டு மலையில காப்பித் தோட்டங்களுக்கு நடுவுல இருக்கறது. இப்ப இருக்கறது அயர்லாந்து தேசத்துல, கடைசி மகன் செந்திலோட ஊட்டுல. மருமக ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருவா. பேத்தி மலருக்குப் பதிமூணு வயசு. நான் மூணாப்போட நின்னவ. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலம்பற ஆகும். அவசரம் எனக்கில்ல, ஊர்ல இருக்கற உங்களுக்கும் இருக்காதுன்னு நெனைக்கிறேன்.

இந்த ஊர்லயும் மழையும் பனிமூட்டமும் நொம்ப. சில நாள் சன்னலைத் திறந்தா ஏற்காட்டை விட்டு வரவே இல்லியோன்னு இருக்கும். ஆனா இங்க பனிக்குள்ள இருந்து எதுவும் வராது. நாய் கூடக் கயித்தோடதான் வரும்.

போன வாரத்தோட நான் வந்து மூணு வருசம் முடிஞ்சுது. வருசா வருசம் ஆபீசுக்குப் போயி, இந்த நாட்டுல இருக்கறதுக்கான அட்டையைப் புதுப்பிக்கணும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா ஏதோ கேட்டுச்சு. செந்தில் "நத்திங்"ன்னான். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும்.

"என்னடா கேட்டாங்க?"

"என்ன வேலைன்னு கேட்டாங்கம்மா."

"அம்பது வருசம் காப்பிப் பழம் பறிச்சது நத்திங்காடா?"

"இப்ப பாக்கறதில்லைல்ல, அதத்தான் கேக்கறாங்க. மெதுவாப் பேசும்மா."

"இப்ப பாக்கலைன்னா பாத்ததெல்லாம் போயிருமா? எழுதச் சொல்லு."

பின்னால வரிசை நீண்டுபோச்சு. நான் நகரல. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே ஏதோ தட்டுச்சு. காப்பின்னு எழுதியாச்சு, ஆனா அட்டையில அச்சாகி வராதுன்னான் மகன். வராட்டிப் போகுது, அவங்க பொட்டிக்குள்ள இருக்கட்டும்.

இந்தக் கோவம் அன்னிக்கு வந்ததில்லீங்க. ரெண்டு மாசமா இருக்கு. அதத்தான் சொல்ல வந்தேன்.

2

செந்தில் கம்ப்யூட்டர்ல எழுதறவன். ஊட்டுக்குப் பின்னால ஒரு மரக் கொட்டாய், அதுதான் அவன் ஆபீசு. கூட நோரான்னு ஒரு பொண்ணு வேலை செய்யுது. இந்த ஊர்க்காரப் பொண்ணு, செம்பட்டை முடி. போனைத் தொட்டா முன்னால ஒரு திரை வருதில்லீங்களா, எந்தப் பொத்தான் எங்க இருக்கணும், என்ன நிறம், என்ன படம்னு வரையறது அது. வரைஞ்சதை நெசமா ஓட வெக்கறது செந்தில் எழுதற எழுத்து. கோடுன்னு சொல்லுவாங்க.

நம்ம பக்கம் காட்டெருமைத் தொல்லை உங்களுக்கே தெரியும். காலையில வேலைக்குப் போறப்பவும் சாயங்காலம் திரும்பறப்பவும் பாதையில நின்னுக்கிட்டு இருக்கும். எங்க நிக்குதுன்னு பாத்தவங்க போன்ல சொன்னா மத்தவங்க போன்ல தெரியற மாதிரி ஒண்ணு செஞ்சு தர்றேன்னு செந்தில் ஆரம்பிச்சான். ஊர்ல முதல்ல வெச்சுப் பாக்கறதுக்குப் பதினோரு பொம்பளைங்க. அதுல ஒருத்தி ராசாத்தி, எங்க அக்காவோட மூத்த பொண்ணு. அம்பது தாண்டிட்டா. இன்னும் அந்த ஒத்தையடிப் பாதையிலதான் எஸ்டேட்டுக்குப் போயிட்டு வர்றா.

ஒருநாள் டீ கொண்டுக்கிட்டுக் கொட்டாய்க்குப் போனேன். சுவத்துல ஒரு காயிதம் ஒட்டியிருந்தது. வெள்ளை முடியோட ஒரு கெழவி படம், கீழ மூணு வரி இங்கிலீசு. மலர் கூட இருந்தா.

"அப்பாயி, இது நீதான்."

"என்ன போட்டிருக்கு?"

"எழுபதுக்கு மேல வயசு. படிக்கத் தெரியாது. புதுப் போனைப் பார்த்தா பயப்படுவார்."

"யாரு பயப்படுவா?"

செந்தில் எந்திரிச்சு வந்தான். யாருக்காக வரையறோமோ அவங்க படத்தை ஒட்டி வெச்சுக்கிட்டு வரையறது வழக்கமாம். அவங்களை மறக்காம இருக்கறதுக்காம். என்னை மறக்காம இருக்கறதுக்கு நான் எதிர் ஊட்டுலயா இருக்கறேன்? பேனாவை எடுத்துக் கடைசி வரியை அடிச்சேன். நோரா சிரிச்சுது. அப்ப வேற என்ன எழுதறதுன்னு மலர்கிட்டக் கேட்டுச்சு.

"எதிர்த்துக் கேப்பான்னு எழுதச் சொல்லு" அப்படின்னேன்.

எழுதிப்போட்டுச்சு. அன்னியிலிருந்து எதை வரைஞ்சாலும் முதல்ல எங்கிட்டத்தான் வரும். முதல் படத்துல எருமைக்குப் பதிலா மூக்கணாங்கயிறு போட்ட பசு நின்னுக்கிட்டு இருந்தது. "இதப் பாத்தா எங்க ஊர்க்காரி யாரு ஊட்டு மாடு காணமோன்னு தேடக் கெளம்பிருவா" அப்படின்னேன். முட்டிக்குக் கீழ நாலு காலும் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும்னு சொன்னதுக்கப்புறம் சரியா வரைஞ்சுது. நல்ல கைங்க அந்தப் பொண்ணுக்கு.

3

அப்ப அவங்களுக்குள்ள ஒரு இழுபறி நடந்துக்கிட்டு இருந்தது. எழுதுன கோடை எங்க வெக்கறது, படத்தை எதுல வரையறதுன்னு. ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு வழி இருக்குதாம். கம்பெனிப் பேரெல்லாம் எழுதாதம்மான்னு மகன் சொன்னதால நானே பேரு வெச்சுக்கிட்டேன்.

கோடு வெக்கற எடத்துல முதலாவது பெரிய எடம். உலகத்துல பாதிப் பேரு அங்கதான் வந்து வெக்கறாங்க. யாரும் வரலாம், எட்டிப் பாக்கலாம், இது தப்புன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டலாம். பதில் சொல்லி மூடற வரைக்கும் அந்தச் சீட்டு அங்கியே நிக்கும். அதுக்கு நான் வெச்ச பேரு ஒண்டிக்கடை. ஏற்காட்டுல எந்தப் பக்கம் போறவங்களும் அந்த முக்கைத் தாண்டித்தானே போகணும்.

ரெண்டாவது, செந்தில் தன்னோட மெசின்லயே சொந்தமா நடத்தற எடம். அவன் சாவி குடுத்தாத்தான் உள்ள வரலாம். அதுக்குத் தலைச்சோலைன்னு வெச்சேன். செந்திலுக்கு அதுதான் புடிச்சிருந்தது.

வரையற சாமானுக்கும் அப்படித்தான். ஒண்ணு கரும்பலகை. லிங்க்குன்னு ஒரு வழி அனுப்பிச்சா எந்தப் போன்லயும் தொறக்கும், பாக்கறவங்க அதுமேலயே வெரல வெச்சு இது சரியில்லைன்னு குறி போடலாம். இன்னொண்ணு பீரோ. அது நோராவோட கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கும். அழகா வரும், வேகமா வரும், ஆனா நோரா தொறந்து எடுத்துக் குடுத்தாத்தான் மத்தவங்க பாக்க முடியும். பத்து வருசம் பழகுன கை, அதுக்குப் பீரோதான் வேணும்.

அதனால சொந்த மெசினும் பீரோவும்னு முடிவாகற மாதிரி இருந்தது. அவங்கவங்களுக்குப் புடிச்சது அவங்கவங்களுக்கு. எனக்கென்ன வந்துச்சுன்னு நானும் இருந்தேன்.

4

நம்ம பாதை வழக்கம் ஒண்ணு இருக்குது. இங்க இருக்கறவங்களுக்குச் சொல்லிப் புரிய வெக்கறதுக்குள்ள எனக்கு வாயி வலிச்சுப் போச்சு. உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதறேன். இப்ப இருக்கற பசங்க மறந்துட்டாங்களோ என்னமோ.

மேல இருந்து எறங்கி வர்றவகிட்டக் கீழ இருந்து ஏறப்போறவ கேப்பா, "ஏனுங்க, மேல ஏதாச்சும் இருக்குதுங்களா?" பாத்திருந்தா, பாத்த எடத்தைச் சொல்லணும். சுனைக்கிட்ட ரெண்டு, மேக்க பாத்து நிக்குதுன்னு. பாக்காட்டி, "நான் பாக்கலீங்க"ன்னு சொல்லணும். அவ்வளவுதான். இல்லைன்னு சொல்லக்கூடாது. போலாம்னு சொல்லவே கூடாது. சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால, பனிக்குள்ள, ஒரு எருமை நின்னா ஒரு பாறை மாதிரித்தான் இருக்கும். நாம பாக்கலைங்கறதுக்காக அது அங்க இல்லாமப் போயிருமா?

நோரா வரைஞ்ச ரெண்டாவது திரையில, யாரும் எருமையைப் பாத்ததாச் சொல்லாட்டி முழுத்திரையும் பச்சையாகும். நடுவுல ஒரு சரி குறி. மலர் படிச்சா, "பாதை பாதுகாப்பானது."

"யாரு சொன்னா பாதுகாப்புன்னு?" அப்படின்னு கேட்டேன்.

"யாரும் எதுவும் சொல்லலைல்லம்மா, அதனாலதான் பச்சை" அப்படின்னான் செந்தில்.

"யாரும் சொல்லலைன்னா, யாரும் சொல்லலைன்னு போடு. அதுக்கு எதுக்குப் பச்சை?"

அவனும் அந்த மலையில பொறந்தவன்தான். ஆனா எட்டாப்புல இருந்து சேலத்துல ஹாஸ்டல்ல படிச்சவன். அந்தப் பாதையில நின்னு ஒருத்திகிட்ட வழி கேட்டிருக்க மாட்டான். மலர் இங்கிலீசுல சொன்னதும் நோரா தலையாட்டிட்டுப் பீரோவைத் தொறந்து பச்சையை எடுத்துருச்சு. சாம்பல் நிறத்துல, "இன்னிக்கு இதுவரைக்கும் யாரும் சொல்லவில்லை"ன்னு மாத்துச்சு. நான் பாத்தேன். சரின்னேன்.

5

அடுத்த வாரம் பதினோரு பேரு போனுக்கும் அனுப்பிச்சாங்க. எங்களுக்குக் காலைப் பதினொண்ணரை, அங்க சாயங்காலம் நாலு மணி. நான் கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். ராசாத்தி வீடியோவுல கூப்பிட்டா. எஸ்டேட் கேட்டுக்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தா. பின்னால ஒரே பனி, பாதை தொடங்கற எடமே தெரியல.

"சின்னம்மா, உம் மகன் அனுப்புனது வந்துருச்சு. நல்லாத்தான் இருக்குது."

"என்ன காட்டுது கண்ணு?"

"பச்சையாக் காட்டுது. சரின்னு குறி போட்டிருக்குது. அப்பப் போலாமில்ல?"

கீரை கீழ விழுந்துருச்சு. "போகாத. நில்லு. ராசாத்தி, அங்கியே நில்லு" அப்படின்னு கத்துனேன். மலர் மாடியில இருந்து ஓடி வந்தா. ராசாத்தி சிரிச்சா, என் மூஞ்சியப் பாத்துட்டுச் சிரிப்பை நிறுத்துனா. ரோட்டு வழியாச் சுத்திப் போறேன்னு சொன்னா. அரை மணி நேரம் கூட ஆகும். ஊடு சேர்ந்து கூப்பிடற வரைக்கும் நான் உக்காரல.

அன்னிக்கு அந்தப் பாதையில எருமை இருந்துச்சா இல்லியான்னு யாருக்கும் தெரியாது. தெரியாதுங்கறதுதான் விசயமே.

எப்படி நடந்துச்சு? நோரா படத்தை மாத்துனது நெசம். மாத்துன படம் பீரோவுக்குள்ள இருந்தது. செந்தில் பழைய படத்தை வெச்சு முன்னாடியே எழுதுன கோடு அவன் மெசின்ல இருந்தது. நோரா மாத்திட்டோம்னு நெனைச்சுது, தன் கோடுல பழைய பச்சையே நிக்குதுன்னு செந்திலுக்குத் தெரியாது. ஒருத்தர் மேலயும் குத்தம் சொல்ல முடியாது. எனக்கு அதுதான் இன்னும் கோவம்.

6

வெள்ளிக்கிழமை உக்காந்து எதுல வெக்கறது, எதுல வரையறதுன்னு கடைசியா முடிவு பண்றதாச் சொன்னாங்க. என்னை யாரும் கூப்பிடல. நானே போயி நாற்காலி இழுத்துப் போட்டு உக்காந்தேன். மலருக்கு அப்பப் பள்ளிக்கூட லீவு, அவதான் எனக்கும் நோராவுக்கும் நடுவுல பேசறவ. ராசாத்தியையும் போன்ல கூப்பிட்டு மேசை மேல நிறுத்தி வெக்கச் சொன்னேன். அந்தப் போனைப் பாத்துட்டுப் பாதையில போறவ அவதானே.

நோரா ஏதோ நொம்ப நேரம் பேசுச்சு. கண்ணு கலங்கியிருந்தது.

"சாரியாம் அப்பாயி. இனிமே நல்லாக் கவனமா இருப்பாங்களாம். எல்லாம் கிராண்டா ஆயிரும்ங்கறாங்க" அப்படின்னா மலர்.

இந்த ஊர்ல எதுக்கெடுத்தாலும் கிராண்டுன்னுதான் சொல்லுவாங்க. பல்லு வலிச்சாலும் கிராண்டு. எனக்குக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாத்தான் கிராண்டு.

"கவனமா இருக்கறேன்னு சொல்ல வேண்டாம்னு சொல்லு. அன்னிக்கும் அவ கவனமாத்தான் இருந்தா. செந்திலும் கவனமாத்தான் இருந்தான். ரெண்டு கவனமும் ரெண்டு பூட்டுக்குள்ள இருந்துச்சு. அதத்தான் மாத்தணும்."

மலர் இங்கிலீசுல ரெண்டே வார்த்தையில முடிச்சா.

"ஏன் சாமி, நான் இத்தனை பேசுனேன், நீ அத்தனையும் எங்க முழுங்குன?"

"அப்பாயி, நீ சண்டை போடற மாதிரி இருக்குது. நான் பொலைட்டாச் சொன்னேன்."

"சண்டைதான் போடறேன். சண்டையாவே சொல்லு."

செந்தில் குறுக்க வந்தான். "அம்மா, பெரிய எடத்துக்காரன் நாளைக்குச் சட்டத்தை மாத்துவான். நம்ம எடம்னா யாரும் நம்மள வெளியே தள்ள முடியாது. அது முக்கியமில்லியா?"

அவன் சொன்னதுல நாயம் இருக்குது. அதனால நானும் நாயமாவே கேட்டேன். "சரி சாமி. உன் எடத்துல ராசாத்தி எப்படி வந்து இது தப்புன்னு சொல்லுவா?"

"நான் சாவி குடுப்பேன்."

"பதினோரு பேருக்கும்?"

"குடுப்பேன்."

"மலையில மத்த ஊர்க்காரங்க கேட்டா? நீ காய்ச்சல்ல படுத்திருக்கறப்ப கேட்டா?"

அவன் மெல்லச் சொன்னான், "ஒரு பச்சை நெறத்துக்காக ஏம்மா இத்தனை?"

அப்பத்தான் சொன்னேன். நாப்பத்து மூணு வருசமா யாருகிட்டயும் சொல்லாதது.

எங்க அக்கா பாதை முக்குல நின்னு எங்கிட்டக் கேட்டா, "மேல ஏதாச்சும் இருக்குதா?"ன்னு. நான் அப்பத்தான் எறங்கி வந்தவ. மழை இருட்டிக்கிட்டு வந்தது, அவளுக்கு நேரமாச்சு. அப்ப இத்தனை எருமைக் கூட்டம் கிடையாது. பாக்கலைன்னு சொல்லியிருக்கணும். "ஒண்ணுமில்லக்கா, போ" அப்படின்னேன். அவ போனா. அப்படித்தான் நான் மூணு புள்ளைக்குப் பதிலா அஞ்சு புள்ளை வளர்த்தேன். நான் சொன்ன அந்த வார்த்தைக்குத்தான் நீங்க பச்சை அடிச்சு வெச்சிருக்கீங்க.

மலர் அதை இங்கிலீசுல சொல்லல. நோராவுக்கு ஒண்ணும் புரியல. நான் போன் பக்கம் திரும்பவே இல்ல. ராசாத்திதான் பேசுனா.

"சின்னம்மா, எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு அம்மா கையப் புடிச்சுக்கிட்டு நின்னது யாருன்னு நெனைச்ச? எனக்கு எட்டு வயசு. அம்மா என்னைத் திருப்பி ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டுத்தான் ஏறுச்சு." அவளே பேச்சை மாத்துனா. "அதை இப்ப எதுக்கு? செந்திலு, நான் சொல்றதக் கேளு. தப்பு இருந்தா நானே வந்து ஒட்டற எடமாப் பாத்து வெய்யி. உங்க நாட்டுல நீ எந்திரிக்கற வரைக்கும் நான் காட்டுல காத்துக்கிட்டு நிக்க முடியாது."

அதோட முடிவாச்சு. கோடு ஒண்டிக்கடையில, படம் கரும்பலகையில. எது மாறுனாலும் அதுக்கு ஒரு சீட்டு. படத்தை மாத்துனதும் கோடை மாத்துனதும் ரெண்டும் அந்தச் சீட்டுல சேர்ந்தாத்தான் மூடலாம். செந்தில் மனசு ஆறட்டும்னு ஒரு நகலை அவன் மெசின்லயும் வெச்சுக்கச் சொன்னேன். நோரா கையைப் புதுசாப் பழக்கணும். முதல் நாலு நாளு அது சாமானோட மல்லுக்கட்டுனதைப் பாத்தேன். பறிக்கற கூடையை இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்புக்கு மாத்துன மாதிரி இருந்திருக்கும். அதுக்காக ரெண்டு நாள் வடை சுட்டுக் குடுத்தேன்.

7

முதல் சீட்டு நான்தான் ஒட்டுவேன்னு சொன்னேன். என் மகன் பேர்ல இல்ல, என் பேர்ல. பேரு பதியறதுக்குள்ள ஒரு காலம்பற போச்சு. முதல் பேரு, கடைசிப் பேருன்னு ரெண்டு கேட்டுச்சு. எனக்கு இருக்கறதே ஒரு பேருதான், சின்னப்பொண்ணு. அதையே ரெண்டு எடத்துலயும் போட்டேன். அப்புறம் பஸ் இருக்கற படத்தையெல்லாம் தொடச் சொல்லுச்சு, நான் மனுசிதான்னு காட்டறதுக்காம். ஏற்காட்டு மலையில அத்தனை வளைவும் பஸ்ல ஏறி எறங்குனவ, எனக்கா பஸ் தெரியாது? என்ன வேலைன்னு கேட்ட எடத்துல காப்பித் தோட்டம்னு நானே தட்டுனேன். இதுல அச்சாகி வருது.

சீட்டுல ஒரே வரி: "பச்சை வேண்டாம். பாக்கலைன்னா பாக்கலைன்னு மட்டும் சொல்லு." பக்கத்துல என் பேரு. உலகத்துல எவரும் வந்து படிக்கலாம்.

நேத்து ராசாத்தி கூப்பிட்டா. பச்சை வரல, சாம்பல் நிறம்தான் வருதுன்னா. செந்தில் பக்கத்துல நின்னு, "ரெண்டுமே மாத்தியாச்சும்மா, சீட்டை மூடிரு" அப்படின்னான். மூட மாட்டேன்னேன். மழை பெய்யட்டும், பனி எறங்கட்டும், சிக்னல் போகட்டும், ராசாத்தி போன் கீழ விழட்டும். அப்பவும் பச்சை வராம இருக்குதான்னு அவ நடந்து பாத்துச் சொல்லட்டும். ஒட்டுனவ நான், மூடறவளும் நான். அது தொறந்தே கெடக்கறதுல யாருக்காவது கூச்சமா இருந்தா இருக்கட்டும்.

இதை எழுதி முடிக்க ஆறு நாள் ஆச்சு. மலரு, இங்க வா சாமி. கண்ணாடியக் கழட்டிட்டேன், ஊருக்கு அனுப்பறதுக்கு முன்னால நீ ஒருக்காச் சத்தமாப் படி. உனக்கும் எழுத்துக் கூட்டித்தான் வரும், பரவால்ல, நாம ரெண்டு பேரும் ஒரே வகுப்புதான். பொலைட்டெல்லாம் வேண்டாம், குறைக்காம படி. எங்க அக்கா, உன் பெரிய அப்பாயி, கதை வர்ற எடத்துல நிக்காத. எங்கியாச்சும் நான் "ஒண்ணும் பயமில்ல"ன்னு எழுதியிருந்தா, அதை அடிச்சுட்டு மேல படி.